கொப்புளம் போட்ட சுவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வக்கீல் வீட்டு முன்னறைச் சுவருக்குக் கொப்புளம் போட்டது. ஓதத்தில் வரும் உப்பல் அல்ல. சின்னச் சின்னதாய், சிவப்பாய், தொட்டால் சூடு தெரிகிற அசல் கொப்புளம். அந்த நேரத்தில் பெயின்டர் அதே சுவரில் சாய்ந்துகொண்டு, ஒன்றுக்குப் போகும்போது ஏன் இப்படி எரிகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவன் உடம்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. சுவரில் எண்ணூற்றுப் பன்னிரண்டு இருந்தன. வக்கீலின் மனைவி எண்ணிப் பார்த்துச் சொன்னது.

எரிச்சலுக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால், ஆள் குடிவராத ஒரு வீட்டின் மூன்றாவது மாடிக்கு, நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கலர்க்காரி வந்திருந்தாள். பெயின்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினில் நிற்பவள். இரண்டாயிரம் நிறங்களின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். முதல் கோட் காய்ந்து இரண்டாம் கோட் அடிக்க நாலு மணி நேரம் ஆகும். இரண்டு வருடமாகப் பார்வையிலேயே பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த நாலு மணி நேரத்தை வீணாக்கவில்லை. தரையில் தார்ப்பாய் இருந்தது, ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டியிருந்தது, எல்லாம் இருந்தது. ஆணுறை ஒன்றுதான் இல்லை. பெயின்ட் படக் கூடாதென்று ஊரில் உள்ள ஸ்விட்ச் போர்டுக்கெல்லாம் உறை போட்டு ஒட்டுகிற ஆள் அவன்.

சுவரைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தான். உப்புத்தாளால் தேய்த்தான், பட்டி பார்த்தான், பிரைமர் அடித்தான். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவதற்குள் கொப்புளம் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. ஏணி உச்சியில் உட்கார்ந்து போனில் நோய்களைப் படிக்க ஆரம்பித்தான். எதைப் படித்தானோ, மறுநாள் அதுவே சுவரில் வந்தது. வெட்டை நோயைப் படித்தான். ஆசிரியை வீட்டுப் படுக்கையறைச் சுவர் கசிந்தது. கிரந்தியைப் படித்தான், மருந்துக்கடைக்காரர் வீட்டுத் தூணில் வலியில்லாத ஒரே ஒரு புண். அவசரத்தில் ஆடுகளுக்கு மட்டும் வருகிற ஒரு நோயையும் படித்துத் தொலைத்தான். அன்று வேலை பார்த்த வீட்டு மாடிப்படிச் சுவர் மூன்று நாள் ஆடு மாதிரி கத்தியது.

வக்கீலின் மனைவியோ அதைப் புது டிசைன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அதே மாதிரி வேண்டுமென்று பதினோரு வீட்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். தொழில் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் அவன் பெயின்ட் வாங்கும் கடையை மாற்றிக்கொண்டான். நோயைவிடப் பெரிய பயம் அதுதான்: கலர்க்காரியிடம் சொன்னால், யாரிடமிருந்து வந்தது என்ற பேச்சு வரும், வந்தால் அந்த நாலு மணி நேரமும் போய்விடும், அதற்குப் பிறகு வரக்கூடிய காலமும் போய்விடும்.

வீட்டில் அக்கா குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"உள்ள முனகுறது யாருடா?"

"சுவரு, அக்கா."

"அப்ப அந்தச் சுவரையாவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா."

அவன் போகவில்லை. கலர்க்காரிதான் வந்தாள். பதினோராவது வீட்டில், ஏணிக்குக் கீழே நின்று, சுவரை உள்ளங்கையால் தடவினாள்.

"இந்தச் சிவப்பு எங்க மெஷின்லயே இல்ல. என்ன பெயின்டரே, கடைய மாத்திட்டீங்களாமே?"

ஏணியின் மேலிருந்தபடியே அவன் எல்லாவற்றையும் சொன்னான். பேச்சில் ஆட்டு நோய் வரும்வரை அவள் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா எரியுது?"

"இருபது நாளா."

"இருபது நாளா சுவருக்கு வைத்தியமா? சுவர் ஓதம் அடிச்சா ஊர்ல எல்லாருக்கும் என்ன சொல்லுவீங்க?"

"முதல்ல எங்க கசியுதுன்னு பாருங்கன்னு சொல்லுவேன்."

"கீழ இறங்குங்க. எனக்கு ஒண்ணும் எரியல. அதுக்காக எனக்கு இல்லன்னு ஆயிடுமா? ரெண்டு பேரும் போவோம்."

அவன் உள்ளே வந்து உட்கார்ந்ததுமே டாக்டரம்மாவின் அறைச் சுவரும் பொங்கியது. அவர் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சுவருக்கு நான் பாக்குறதில்ல," என்று சொல்லி, இருவரிடமும் ஆளுக்கொரு சின்ன டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார், ரத்தமும் எடுத்தார். முடிவு வந்தது: இருவருக்கும் ஒரே கிருமி, ஒரு வாரம் மாத்திரை, முடியும்வரை தார்ப்பாய் விரிக்கிற வேலை வேண்டாம். சில நோய்கள் ரத்தத்தில் தெரியத் தாமதமாகும், ஆகவே சில வாரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு என்றால், "கிருமி தேதி போட்டுட்டு வராதுங்க. சில பேருக்கு மாசக்கணக்கா சும்மாவே இருக்கும்," என்றார்.

இருவரும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கேட்காத கேள்வியால் மேற்கூரை கனத்துத் தொங்கியது; மின்விசிறி பெயின்டரின் தலைமுடியை உரசிக்கொண்டு சுற்றியது. கலர்க்காரி குனிந்துகொண்டே, "என் பக்கம் முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. உங்க பக்கம்?" என்றாள்.

"ரெண்டு பேரு."

"பார்த்தா அப்படித் தெரியலையே!"

கூரை மேலே போய்விட்டது.

மாத்திரை ஒவ்வொன்றாக உள்ளே போகப் போக, வீடு வீடாகச் சுவர்கள் அடங்கின. வக்கீலின் மனைவி ஓடி வந்து, மருந்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். அவன் நிறுத்தவில்லை. சில வாரம் கழித்துக் கொடுத்த ரத்தத்திலும் ஒன்றுமில்லை என்று வந்தது. தார்ப்பாயோடு சேர்த்து எடுத்துப் போக வேண்டியதை அவன் அதன்பின் மறந்ததே இல்லை. அக்கா ஒரு தனி வீடு பார்த்து இருவரையும் குடிவைத்தாள்.

அந்தக் கோடையில் அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் முழுக்கச் சிவந்து பொரிந்தது. அவன் மறுபடி நோய் தேடப் போனை எடுத்தான். கலர்க்காரி சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"வேர்க்குருங்க. வேற ஒண்ணுமில்ல."

பவுடர் டப்பாவை எடுத்துச் சுவருக்குப் பூசிவிட்டு, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். அவளுக்கு எட்டாத இடத்துக்கு அவன் ஏணியை எடுத்து வந்தான்.