மூஞ்சிப் பெட்டி

பேருந்து நிலையத்தின் பெண்கள் கழிப்பறையில் மூன்றாம் அறையின் தாழ்ப்பாள் உடைந்து ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு வராத அதிகாரியின் கையெழுத்து, வாசலில் பொருத்திய அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒன்பதே நாளில் வந்து சேர்ந்தது.

பெட்டி, கை கழுவும் தொட்டிக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் நின்றது. அதன் கண்ணாடியில் மூன்று மூஞ்சிகள். இடப்பக்கம் பல்லிளிக்கும் பச்சை. நடுவில் வாயை நேர்கோடாக இறுக்கிக்கொண்ட மஞ்சள். வலப்பக்கம் உதட்டைப் பிதுக்கிய சிவப்பு. பொதுக் கழிப்பறையின் தூய்மையைப் பயன்படுத்துவோரே மதிப்பிட வேண்டும் என்று அரசு விதி செய்துவிட்டதாம். எதை வாங்கினாலும் எங்கே தின்றாலும் விரலால் தீர்ப்பு எழுதிப் பழகிவிட்ட உலகம், கடைசியில் கழிப்பறைக்கும் தீர்ப்பு எழுத வந்துவிட்டது.

காலைப் பணியிலிருந்த துப்புரவுப் பணியாளரை நிலையத்தில் எல்லாரும் பளிங்கக்கா என்றே அழைத்தனர். குழாயின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நின்றாலும் அவளுக்குச் சோறு இறங்காது. உடைந்த தாழ்ப்பாளுக்குப் பதிலாக நைலான் கயிற்றைக் கட்டி, உள்ளிருந்து ஆணியில் மாட்டிக்கொள்ள வகை செய்தவளும் அவளே.

பெட்டியைப் பொருத்திய அன்று ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர் அதைப் பெற்ற பிள்ளையைப் போலத் தடவிக்கொடுத்தார்.

"ஏம்மா, நல்லாக் கேட்டுக்கோ. யாராவது தவறிப்போய் ரெண்டு மூஞ்சியத் தொட்டுட்டா, கடைசியாத் தொட்டதத்தான் இது கணக்குல எடுத்துக்கும். அவ்வளவு புத்தி! வாரக் கடைசியில எது அதிகமோ அதுதான் அந்த ஷிப்ட்டோட நிறம். தொடர்ந்து மூணு வாரம் சிவப்பு வந்துச்சுன்னா ஆள மாத்திடுவாங்க. அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது."

"மூணாவது ரூம் தாழ்ப்பாள், சார்?"

"ஜனங்க சிவப்ப அமுக்கினாங்கன்னா மேல இருக்கிறவங்களுக்குத் தானாத் தெரிஞ்சிடும்."

"நானே எட்டு தடவை சொன்னேனே சார், அது தெரியலையா?"

"நீ சொன்னா அது புகார். மெஷின் சொன்னா அது தகவல்," என்றார் சூப்பர்வைசர். பிறகு பணி விதிகளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். நான்காவது விதி: 'மதிப்பீட்டுக் கருவியின் கண்ணாடியை மணிக்கு ஒரு முறையேனும் துடைக்க வேண்டும்.'

விதி சொல்லாவிட்டாலும் பளிங்கக்கா துடைத்திருப்பாள். ஈரக் கைகளின் தடம் கண்ணாடியில் பட்டதைக் கண்டாலே அவள் கை துணியைத் தேடும். இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. பெட்டி 'கிளுக்' என்று ஓர் ஒலி எழுப்பும். நன்றி சொல்கிறதாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் வாரத்தின் முடிவு வந்தது. காலை ஷிப்ட்டு சிவப்பு, பிற்பகல் பச்சை.

பிற்பகல் ஷிப்ட்டு அவளுடைய ஓரகத்தியினுடையது. கணவனின் தம்பி மனைவி. கைப்பேசியில் கண்ணை நட்டுவிட்டால் எதிரே கூரை இடிந்தாலும் நிமிராதவள். அவள் விட்டுச்செல்லும் கோலத்தைத்தான் பளிங்கக்கா ஒவ்வொரு விடியலிலும் முதலில் கழுவுவாள். பீங்கானில் காய்ந்து ஒட்டியவை, மூலையில் திணித்த பஞ்சுகள், தண்ணீர் ஊற்றாமல் விட்டுப்போன அசிங்கம். அவற்றையெல்லாம் குமட்டலை விழுங்கிக்கொண்டு வழித்தெடுப்பாள்.

"என்னக்கா, தேய் தேய்னு தேய்ச்சும் சிவப்பாமே?" என்று ஓரகத்தி சிரித்தாள். "ஜனங்களுக்கு உன்னோட மூஞ்சியப் பார்த்தாலே பயம் போல. கொஞ்சம் சிரிச்சு வெச்சாத்தான் என்ன?"

"அவங்க வர்றது என் மூஞ்சியப் பார்க்கவாடி?"

"யாரு கண்டா? இப்போல்லாம் எல்லாத்துக்கும் சேவை மனப்பான்மை வேணுமாம்."

பளிங்கக்காவுக்கு நெஞ்சு கொதித்தது. வேலையிழந்து வீட்டோடு கிடக்கும் கணவனும், படிப்பின் கடைசி ஆண்டிலிருக்கும் மகளும் இந்த வேலையை நம்பியே மூச்சு விட்டனர். இரண்டாம் வாரம் அவள் இரட்டிப்பாகத் தேய்த்தாள். பினாயிலில் விரல்கள் வெந்தன. பெட்டியின் கண்ணாடியை மணிக்கு நான்கு முறை துடைத்தாள்.

இரண்டாம் வாரமும் சிவப்பு. முன்னதைவிடக் கடுஞ்சிவப்பு.

அதன் பிறகு அவள் மனிதர்களை வெறுக்கத் தொடங்கினாள். உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணையும் ஓரக்கண்ணால் அளந்தாள். 'நேற்று உன் குழந்தைக்குத் துணி மாற்ற மேடையைத் துடைத்துக்கொடுத்தேனே, நீயா சிவப்பை அமுக்கினாய்? மயங்கி விழப்போனவளைத் தாங்கிப் பிடித்தேனே, அவளா?' நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் கழிவுநீரின் வீச்சத்தைவிட அதிகமாகக் குமட்டியது.

மூன்றாம் வாரத்தின் செவ்வாய்க்கிழமை, அடைத்துக்கொண்ட குழாயை உடைத்துச் சரிசெய்ய ஆள் வந்தார். வெளிக்கதவைப் பூட்டிப் பலகை மாட்டியாயிற்று. உள்ளே குழாய்க்காரரும் பளிங்கக்காவும் மட்டுமே. அவர் உளியால் சுவரைக் கொத்தக் கொத்த, சிமெண்ட்டுத் தூசி பெட்டியின்மேல் படிந்துகொண்டேயிருந்தது. அவளும் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

"என் மச்சான் புதுசா ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கான்க்கா," என்றார் குழாய்க்காரர். "கதவு தொறந்திருந்தா போனுக்குச் செய்தி அனுப்புமாம். அதுக்கு முன்னாடியே நின்னுக்கிட்டு, போனைப் பார்த்துட்டு, 'கதவு தொறந்திருக்கு மாப்பிள்ளை'ங்கிறான். இவனுக்குக் கண்ணு எதுக்கு?"

பணி முடியும் வேளையில் சூப்பர்வைசர் கைப்பேசியோடு வந்தார். முகம் கடுகடுத்திருந்தது.

"இன்னைக்குப் பதினோரு சிவப்பும்மா. பச்சை ஒண்ணுகூட இல்ல. நீ திருந்தவே மாட்டியா?"

"கதவே தொறக்கலையே சார்!"

"மெஷின் பொய் சொல்லாது."

"அப்போ யாரு சார் அந்தப் பதினோரு பேர்? நானும் இந்தத் தம்பியும்தான் உள்ள இருந்தோம்."

குழாய்க்காரர் உளியோடு எட்டிப்பார்த்தார். "நான் எதையும் தொடலைங்க. எனக்கு இருக்கிற கருத்தைச் சொல்ல மூணு மூஞ்சி போதாது."

பளிங்கக்கா கையிலிருந்த துணியைப் பார்த்தாள். பதினொன்று என்ற எண் அவளை எங்கோ உறுத்தியது. தூசிக்காகத் துணியை எத்தனை முறை எடுத்தாள்? மெல்லப் பெட்டியருகே சென்று, வழக்கம்போலப் பச்சையில் தொடங்கி மஞ்சளைக் கடந்து சிவப்பில் துணியை முடித்தாள்.

கிளுக்.

"இப்போ பாருங்க சார், எத்தனை?"

சூப்பர்வைசர் கைப்பேசியைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "பன்னெண்டு."

மூன்று வாரங்களாக அவளை இகழ்ந்தது ஊர் அல்ல; அவளுடைய துணிதான். துடைக்கத் துடைக்க அவளே தன்மேல் சிவப்பை அள்ளிப் பூசிக்கொண்டிருந்தாள். ஓரகத்தியோ பெட்டியைத் துடைத்ததே இல்லை. அவள் வைத்திருக்கும் கோலத்தைக் கண்டு அருவருத்த பெண்கள் எதையும் தொடாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினர். விளக்கு எரிகிறதே என்று பச்சையைத் தட்டி விளையாடிய குழந்தைகளே அங்கே நீதிபதிகள்.

"இதெல்லாம் அழிச்சிடுங்க சார்."

"உள்ள போனத எடுக்க முடியாதும்மா."

"அப்போ இனிமே துடைக்க வேண்டாமா?"

"நாலாவது விதி இருக்கே! வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வர்றாரு. அவருகிட்டயே கேட்டுக்கோ."

ஆய்வாளர் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். அலம்பிப் பளபளத்த தரையை அவர் பார்க்கவில்லை. மூன்றாம் அறையின் கயிற்றையும் பார்க்கவில்லை. பெட்டியின் கண்ணாடியை மட்டும் சாய்ந்து நோக்கினார்.

"துடைக்கலைன்னா பத்து மார்க் குறைப்பேன்," என்றார்.

"துடைச்சா சிவப்பு விழுதே சார்?"

"அது பொதுமக்களோட கருத்து. அதுல நாங்க தலையிட முடியாது."

"பொதுமக்கள் இல்ல சார், என் துணி!"

"துணியா இருந்தாலும் தொட்டது தொட்டதுதானே?" என்று அவர் கையெழுத்திட்டுவிட்டு நகர்ந்தார். அவ்வளவு படித்த மனிதர், அவ்வளவு கூசாமல்.

வாரம் முடிய இரண்டே நாள்கள் இருந்தன. பளிங்கக்கா துணியை நனைத்துப் பிழிந்தாள். சிவப்பில் தொடங்கி, மஞ்சளைக் கடந்து, பச்சையில் முடித்தாள். கிளுக். மறுபடியும் துடைத்தாள். கிளுக். அந்த இரண்டு நாள்களும் தரை அலம்பாமலேயே கிடந்தது, பீங்கான் பழுத்தது, அவள் பெட்டியையே துடைத்துக்கொண்டிருந்தாள். தன் வாழ்நாளில் இவ்வளவு அழுக்கான வேலையை அவள் செய்ததில்லை.

மூன்றாம் வாரம் பச்சை. வேலை தப்பியது. நான்காம் வாரமும் பச்சை. சூப்பர்வைசர் அவளைப் பெட்டியருகே நிறுத்திப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார்.

ஐந்தாம் வாரத்தின் திங்களன்று ஓரகத்தி அழுதுகொண்டு வந்தாள்.

"அக்கா, என்னை வெறும் ரெண்டு மணி நேரம் வந்தாப் போதும்ங்கிறாங்க. தொடர்ந்து நாலு வாரம் பச்சை வந்தா அந்த இடத்துக்கு அவ்வளவு ஆள் தேவையில்லையாம். நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வயித்துல அடிக்கிறானுங்களே!"

பளிங்கக்கா சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"ஆமாம்மா, புது விதி," என்றார் அவர். "நீ ரெண்டு பச்சை. இன்னும் ரெண்டு வந்தா உனக்கும் அதேதான்."

"நாங்க இருக்கிறதாலதானே சார் சுத்தமா இருக்கு?"

"அது மெஷினுக்குத் தெரியாதேம்மா."

"சிவப்புன்னா ஆள மாத்துவீங்க. பச்சைன்னா ஆளக் குறைப்பீங்க. மஞ்சள்னா?"

அவர் கைப்பேசியில் விதிகளைத் தள்ளித் தள்ளித் தேடினார். "மஞ்சள்னா... 'இப்போதைய நிலை தொடரலாம்'னு போட்டிருக்கு."

அன்று முதல் அவள் துடைக்கும் முறை மாறியது. ஓரகத்தியையும் அழைத்துப் பெட்டியின் முன்னே நிறுத்தினாள். "ரெண்டு ஓரத்துலயும் துடைச்சுட்டு நடுவுல வந்து முடிக்கணும். புரிஞ்சுதா?"

"என் வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணைத் துடைக்கக் கத்துக்கிட்டேன்க்கா," என்று மூக்கை உறிஞ்சினாள் ஓரகத்தி. "அதுவும் சுத்தமாக்க இல்ல."

வாரக் கடைசியில், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடுத்தர வயதுப் பெண்மணி ஒருத்தி உள்ளே வந்தாள். கை கழுவிக்கொண்டே சுற்றிலும் பார்த்து வியந்தாள்.

"எத்தனையோ ஊரு சுத்தியிருக்கேம்மா. இவ்வளவு சுத்தமா ஒரு பஸ் ஸ்டாண்டுல நான் பார்த்ததே இல்ல. நீங்கதான் பார்த்துக்கிறீங்களா?"

"ஆமாங்க," என்றாள் பளிங்கக்கா. ஐந்து வாரங்களில் அவள் முகம் முதன்முறையாக மலர்ந்தது.

"இருங்க, பச்சைய அமுக்கிட்டுப் போறேன்."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நடுவுல இருக்கிறத அமுக்குங்க."

"இது சுமாருன்னு அர்த்தமாச்சே?"

"சுமாருன்னே சொல்லுங்கம்மா. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பெண்மணி அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கையை விடுவித்துக்கொண்டு, வாயிறுகிய மஞ்சளில் விரலை வைத்தாள். கிளுக். திரும்பிப் பார்க்காமல் சக்கரப் பெட்டியை விரைவாக இழுத்துக்கொண்டு போனாள்.

கண்ணாடியில் ஈர விரலின் தடம் தெளிவாகத் தெரிந்தது. பளிங்கக்கா இடுப்பிலிருந்து துணியை உருவி, முதலில் பச்சையின் ஓரத்தைத் துடைத்தாள். பிறகு சிவப்பின் ஓரத்தை. கடைசியில் துணியை நடுவுக்குக் கொண்டுவந்து, அழுத்தி எடுத்தாள்.