தரைக்கு எத்தனை மார்க்கு

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் இறால் கம்பெனி. அங்கே ஒரே மாதத்தில் மூன்று பெண்கள் வழுக்கி விழுந்தார்கள். மூன்றாவதாக விழுந்த முத்தம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்கப்புறம்தான் மேனேஜர் வல்லரசுக்கு ஞானம் வந்தது. அதுவும் ஒரு பேனராக வந்தது. ‘கவனமாக நடப்போம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினார். பேனருக்கு அடியிலேயே இறால் கழுவிய தண்ணீர் கணுக்கால் நனையத் தேங்கிக் கிடந்தது.

அடுத்த வாரம் பாதுகாப்பு ஆலோசகர் என்று தீபன் வந்தான். கஞ்சி போட்ட சட்டை, பளபளக்கும் தோல் ஷூ. இறால் உரிக்கும் ஷெட்டுக்குள் காலே வைக்கவில்லை. ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்துகொண்டு பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டான்.

கெங்கம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. பதினெட்டு வருடமாக அங்கே இறால் உரிக்கிறாள். அதற்கு முன்னால் காசிமேட்டில் தலையில் மீன்கூடையோடு படகுவிட்டுப் படகு தாண்டியவள்.

"சுகர் இருக்கா? ஒத்தக் கால்ல பத்து செகண்ட் நில்லுங்க."

"இருக்கு" என்று சொல்லிவிட்டு நின்றாள். பத்து வினாடி முடிந்தும் காலை இறக்காமல் அவனையே பார்த்தாள்.

"போதும்மா." தாளில் கூட்டிப் பார்த்தான். "வயசு, சுகர்... மொத்தம் ஏழு. நீங்க விழறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். நாளையிலிருந்து வேலைக்கு வர வேணாம். உங்க நல்லதுக்குத்தான்."

"எனக்கு ஏழு. சரி, தரைக்கு எத்தினி மார்க்கு போட்ட நைனா?"

"தரைக்கு இதுல கட்டமே இல்லம்மா."

கெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று பேரும் விழுந்தது ஒரே இடத்தில், ஐஸ் மெஷினுக்கும் எடை மேசைக்கும் நடுவே. அதில் ஒருத்திக்கு இருபத்திரண்டு வயதுதான்.

அவளோடு சேர்த்து எட்டுப் பேரை வேலையை விட்டு நிற்கச் சொல்லியிருந்தான். கெங்கம்மா ஷெட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றி எறிந்தாள். நாற்பது பெண்களும் எழுந்து வந்து கம்பெனி கேட் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

வல்லரசு ஓடி வந்தார். "ஐஸ் கரையுது, சரக்கு கெட்டுடும்!"

"கெடட்டும். நீயும் அந்த ஷூக்காரனும் குந்தி உரிங்க. உங்களுக்குத்தான் மார்க்கு கம்மியாச்சே, வுழ மாட்டீங்க."

"இன்னாதான் வேணும் உனக்கு?"

"அடைச்சிகினு கெடக்கற கால்வாய தொற. தரைய கொத்தி சொரசொரன்னு ஆக்கு. அந்த எட்டு காயிதத்தையும் கிழி."

தரையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி வல்லரசு தீபனை ஷெட்டுக்குள் அனுப்பினார். அவன் பேண்டைச் சுருட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நாலடி வைத்துவிட்டுத் திரும்பினான்.

"சார், கொஞ்சம் வழுக்குது."

"த்தூ! இத்த கண்டுபுடிக்கத்தான் படிச்சிகினு வந்தியா?" என்றாள் கெங்கம்மா.

மதியம் ஆள் வந்து கால்வாய் மூடியைத் தூக்கினான். அழுகிய இறால் ஓடு மூன்று கூடை வந்தது. தேங்கிய தண்ணீர் மடமடவென்று இறங்கியது. தரையைக் கொத்தவும் ஆள் வந்தான். எட்டுத் தாளையும் வல்லரசு எல்லோர் முன்னாலும் கிழித்தார். தீபன் கால்வாயைத் திறந்ததைத் தன்னுடைய யோசனை என்று எழுதிக்கொண்டு, போட்டோவுக்குப் பெண்களைக் கூப்பிட்டான். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கெங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் முத்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கால்வாய தொறக்க எவ்ளோ நேரமாச்சு?" என்று முத்தம்மா கேட்டாள்.

"அர மணி நேரம்."

முத்தம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.