மீன் ஃப்ரீசரில் வைத்த போத்தல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்முனையில் நான் வேலை செய்யும் மருத்துவச் சோதனை லெப்பில் இது எல்லோருக்கும் தெரியும். சிறுநீரைச் சோடாப் போத்தலில் கொண்டு வந்தவர் யாரும் இந்த றிஸ்லாவிடம் ஏச்சு வாங்காமல் போனதில்லை. ஆனால் இந்தக் கதையில் ஏச்சு வாங்க வேண்டியவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று போயா விடுமுறை, லெப் பூட்டு. அவசர அழைப்புக்கான போன் என்னிடம் இருந்தது. வீட்டில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தபோது அடித்தது.

“புள்ள, என்ட பொஞ்சாதிட சாம்பிள் ஒண்டு கையில இரிக்கி. நேத்துப் பின்னேரம்தான் ஆசுபத்திரியில தந்த. என்ன செய்யிற?”

“பிரிட்ஜில வெச்சிட்டு நாளைக்குக் கொண்டாங்க.”

“ஐஸாகினாலும் பரவால்லையா?”

“ஓம் ஓம், குளிரா இரிந்தாச் சரி.”

என்ன சாம்பிள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை முழுக்கச் சவர்க்காரம், சனியன் பிடித்த போன் வழுக்கியது, வைத்துவிட்டேன்.

மறுநாள் வந்தவர் சாய்ந்தமருது மீன் வியாபாரி நளீர். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த சின்னப் போத்தல் கல்லாக உறைந்திருந்தது. உள்ளே அவர் மனைவி பாத்தும்மாவின் நுரையீரலில் இருந்து எடுத்த நாலு துண்டு, ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. பழுதாகாமல் காக்கும் ஃபோமலினில் போட்ட துண்டைச் சும்மா மேசையில் வைத்தாலே போதும். அவரோ கொழும்பு லொறிக்கு அறக்குளா மீன் வைக்கிற பெரிய ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்திருந்தார். சதை என்றால் வெளியே வைத்தால் பழுதாகும் என்பது அவர் முப்பது வருடமாகக் கண்ட உண்மை.

உருக வைத்து, வெட்டி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் வைத்தேன். டொக்டர் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார். உறைந்த தண்ணீர் கலங்களைக் கிழித்துவிட்டிருந்தது. எங்கும் ஓட்டை. “புற்று மாதிரித்தான் இருக்கு. ஆனா எந்த வகை எண்டு சொல்ல ஏலா. வகை தெரியாம மருந்து குடுக்க மாட்டாங்க. திரும்ப எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

அறிக்கையை வாங்க வந்த நளீர் காக்காவை, எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம், நான் கவுண்டரில் வைத்துக் கிழித்தேன். அத்தனை பேருக்கும் கேட்கத்தான் கத்தினேன். “மீனையும் மனிசரையும் ஒண்டா வெப்பாங்களா? உங்களுக்கு மூளை இல்லையா?”

“போன்ல ஒரு புள்ளதான் சொன்ன...”

அந்தக் குரலை அப்போதுதான் அடையாளம் கண்டேன். போனில் சொன்னவள் நானேதான். ஆனாலும் வாய் நிற்கவில்லை. “எங்கட லெப்பில அப்பிடி ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க!”

அவர் அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

துண்டு எடுக்க முதல்முறை தொண்டை வழியாகக் குழாய் விட்டபோதே பாத்தும்மா இரத்தமாகக் கக்கினாராம். அடுத்த தவணை ஐந்து வாரம் கழித்து. அதற்குள் அவரால் மல்லாந்து படுக்கவே முடியவில்லை. இனிக் குழாய் விட ஏலாது என்று ஆசுபத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். ஊருக்குள் கதை பரவியிருந்தது. பொஞ்சாதியின் நுரையீரலை மீனோடு வைத்தவன் என்று சந்தையில் சொல்லிச் சிரித்தார்கள். பாத்தும்மா புருஷனோடு கதைப்பதையே விட்டுவிட்டார், அவர் கையால் தண்ணீரும் வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் வேலை போகும் என்று பயந்து இன்னும் ஒன்பது நாள் கடத்தினேன். வெட்கங்கெட்டவள்.

பத்தாம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாத்தும்மா தலையணை அடுக்கில் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார். நளீர் காக்கா வாசல் நிலையில் நின்றார், உள்ளே வரவில்லை.

“பாத்தும்மா ராத்தா, காக்காட பிழை இல்ல. போன்ல ஐஸாகினாலும் பரவால்ல எண்டு சொன்ன நான்தான். கவுண்டர்ல பொய் சொன்னதும் நான்தான். அல்லாவுக்காக எனக்கு மாப்புத் தாங்க.”

எங்கள் ஊரில் சாகக் கிடப்பவரிடம் மாப்புக் கேட்டால், மன்னிக்க மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. அந்தத் தைரியத்தில்தான் போனேன், அதையும் மறைக்கவில்லை.

பாத்தும்மா தலையணையில் கையூன்றி நிமிர்ந்தார். பிறகு வாசல் பக்கம் கையை நீட்டினார்.

“இஞ்ச வாங்க. தண்ணி தாங்க.”

நளீர் காக்கா ஓடிவந்து கோப்பையைப் பிடித்தார். அவசரத்தில் தண்ணீர் சிந்தியது. பாத்தும்மா இரண்டு மிடறு குடித்துவிட்டு, புருஷனின் விரலைப் பிடித்தபடி சொன்னார்:

“உங்கள நான் மாப்பு செஞ்சிட்டன். நீங்களும் எனக்கு மாப்புத் தாங்க.”

நளீர் காக்கா குலுங்கி அழுதார். நான் காத்து நின்றேன். பாத்தும்மா என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு இல்ல புள்ள. நாப்பது நாள் நான் இவரோட கதைக்கல்ல. அத நீ எப்பிடித் திரும்பத் தருவாய்?”

நாலாம் நாள் மூச்சு நின்று மவுத்தானார். ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த பிறகு நளீர் காக்கா என் வாப்பாவிடம் வந்து, “நான் மாப்பு செஞ்சிட்டன் எண்டு புள்ளட்ட சொல்லுங்க” என்றாராம். நல்ல மனுஷர். ஆனால் நான் கேட்டது அவரிடம் இல்லை.