பம்ப்பா, டைனமோவா?

"ஏறி உக்காந்தாச்சு. இனி யார் வந்து சொன்னாலும் இறங்க மாட்டேன்," என்று சீட் பெல்ட்டை இழுத்தாள் அம்மா. அது கிளிக்கென்று விழ மூன்று முறை முயல வேண்டியிருந்தது. உதவிக்கு நீண்ட மகளின் கையைத் தட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "ஆம்புலன்ஸ்ல போலாம்னு சொல்றேன். இந்த ஓட்டை வண்டி பாதி வழியில படுத்துடும்மா."

"படுத்தா நானும் கூடப் படுத்துக்கறேன். இன்னும் நாலு நாள்னு டாக்டர் சொல்லிட்டாரு. அத எங்க கழிக்கணும்னு நான்தான் சொல்லுவேன். நம்ம வீட்லதான்."

இருபத்தாறு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவளிடம் வாய்கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. மகள் வண்டியைக் கிளப்பினாள். அண்ணன் தன் புதுக் காரில் பின்னாலேயே வந்தான்.

பாலம் தாண்டியதும் முன்பக்கமிருந்து கரகரவென்று ஒரு சத்தம். மகள் ஒன்றும் தெரியாதவள்போல ரேடியோவைத் திருகினாள்.

"அத அணை. என் காது இன்னும் சாகல. ஓரங்கட்டு."

ஓரங்கட்டினாள்.

"கிளட்ச்ச மிதி. அப்பவும் கேக்குதா? அப்ப கியர் பாக்ஸ் இல்ல. ஆக்சிலேட்டர் குடு... பாத்தியா, கூடவே ஏறுது. பெல்ட் சுத்துற ஏதோ ஒண்ணு. டைனமோ பேரிங்தான்."

"எனக்கென்னமோ தண்ணி பம்ப்னு தோணுதும்மா."

"எனக்கே பாடமா? போய்க் காத வச்சுக் கேட்டுட்டு வந்து பேசு."

மகள் பானட்டைத் திறந்தாள். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை டைனமோவின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்தினாள். மெல்லிய ரீங்காரம், அவ்வளவுதான். பம்பின் மேல் வைத்தாள். காதுக்குள் சரளைக்கல்லைப் போட்டு அரைப்பதுபோல் இருந்தது. வண்டி விஷயத்தில் அம்மா தப்பாகச் சொல்லி அவள் பார்த்ததே இல்லை. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பம்ப்தான்! ஒத்துக்கோ!" என்று கத்திக்கொண்டே ஜன்னலுக்கு வந்தாள்.

அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. ஒரு புருவம் மட்டும், மறுத்துப் பேசப் போகிறவள்போல, சற்றே தூக்கியிருந்தது. மகள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கழுத்தை. பிறகு மறுபடியும் மணிக்கட்டை. இன்ஜின் கரகரத்துக்கொண்டே இருந்தது.

பின்னால் காரை நிறுத்தியிருந்த அண்ணன் ஓடிவந்தான். கதவைப் பிடித்தபடி குனிந்து பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"ஆம்புலன்ஸ் வரச் சொல்றேன். அதுல மாத்திக்கலாம்."

"மாத்தக் கூடாது."

"பைத்தியமா உனக்கு? பம்ப் பிடிச்சுக்கிச்சுன்னா சூடேறி இன்ஜினே போயிடும்."

"போகட்டும். இறங்க மாட்டேன்னு அம்மா சொல்லியாச்சு. இறக்கிப் பாருண்ணா, அப்பத் தெரியும்."

பானட்டை அறைந்து மூடினாள். அண்ணன் அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்த் தன் காரைப் பூட்டினான். பழைய காரின் பின்சீட்டில் ஏறி, முன்சீட்டைச் சுற்றி இரு கைகளையும் நீட்டி, அம்மாவின் தோள்கள் சரியாமல் பிடித்துக்கொண்டான்.

மேட்டில் ஏறும்போது சத்தம் அதிகமாயிற்று. மகள் சாலையை மட்டும் பார்த்தாள்.

"ஹீட் முள்ளு பாதியிலதான் இருக்கு," என்றான் அண்ணன், எட்டிப் பார்த்து.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் சொன்னான். "பாதியிலதான் இருக்கு."

அவள் கியரை மாற்றினாள்.