பட்டப்பகலில் கத்திய பெட்டி

சார்ஜாவிலிருந்து நான் வாங்கி அனுப்பிய கருவி காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா மகள் தர்ஷினிக்கு ஒன்பது வயது. இன்னும் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறாள் என்று அவளை மட்டும் சமையலறையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஈரம் பட்டதும் இந்தக் கருவி கத்தி எழுப்பிவிடும். பழக்கம் நின்றால் அவள் மறுபடி எல்லோருடனும் படுக்கலாம்.

மதியம் வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தேன். அக்கா தறியிலிருந்து எழுந்து வந்தாள். போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, கருவியின் அலாரப் பெட்டியைச் சுவரில் மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஈரத்தை உணரும் சின்ன கிளிப்பை எடுத்துத் தர்ஷினியின் பாவாடையில் மாட்டினாள். இரண்டுக்கும் நடுவே வயர் எதுவும் இல்லை. உடனே பெட்டி அலறியது.

"நின்னுக்கினே போயிட்டியாடி? பட்டப்பகல்ல?"

தர்ஷினி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமாம்மா" என்றாள்.

"பாருடா, உன் எதிர்லயே சொல்றா."

அக்காவின் விரல்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தறியில் குறுக்கே ஓடும் பட்டு ஊடை நூலை நனைத்துத்தான் நெய்வார்கள்.

"அக்கா, உன் கைதான் ஈரமா இருக்குது. தொடச்சிட்டு மாட்டு."

முந்தானையில் கையையும் கிளிப்பையும் துடைத்து மறுபடி மாட்டினாள். பெட்டி கத்தவில்லை.

"மெஷினு நல்லாத்தான் வேலை செய்யுதுப்பா" என்றாள்.

"நீ ஏன் கண்ணு ஆமான்னு சொன்ன?" என்று தர்ஷினியைக் கேட்டேன்.

"அது கத்துச்சே மாமா."

பிறகு அவள் உள்ளே போய், நனையாத அந்தப் பாவாடையைக் கழற்றி வேறு உடுத்திக்கொண்டு வந்து, கழற்றியதை வாளியில் ஊறப்போட்டாள்.