கோட்டுக்கு மேலே நின்ற புள்ளி

அன்று ஏரல் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: ஆவுடைநாயகமாகிய நான், தங்கை ஆவுடைத்தாய், மகன் மகேஷ், பேத்தி சுகிர்தா, அவளைத் தம் மகனுக்குப் பெண் கேட்டிருந்த ஆறுமுகநயினார், மடிக்கணினியுடன் ஆய்வாளர் கலையரசி. வேறு யாரும் இல்லை.

சர்க்கரை நோயுள்ளவர், இல்லாதவர் என இரு தரப்பிலும் இரத்தம் எடுத்து, மரபணுவில் லட்சக்கணக்கான இடங்களை ஒப்பிடுவது கலையரசியின் ஆய்வு. ஒவ்வோர் இடமும் திரையில் ஒரு புள்ளி; அது கோட்டுக்கு மேலே போனால் நோயோடு தொடர்பு இருக்கலாம் என்று பொருள். முதல் கணக்கில் ஒரே ஒரு புள்ளி கோட்டைத் தாண்டி நின்றது. நோயாளிகள் பத்துப் பேரும் எங்கள் பங்காளிகள். மகேஷ் இதைக் கடைத்தெருவில் உளறிவிட்டான். எங்கள் இரத்தமே கெட்டது என்று ஊர் பேசியது. ஆறுமுகநயினார் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்தார்.

தவறு என்னுடையது. நோயில்லாதவர்களைக் கேட்டபோது, நம் வீட்டார் வரிசையில் நின்று கை நீட்டுவதா என்று எங்களுக்குச் சொந்தமே இல்லாத ஆட்களைப் புன்னக்காயலிலிருந்து வரவழைத்தேன். அதைச் சொன்னதும் கலையரசி துள்ளி எழுந்துவிட்டார்.

"ஐயா, நீங்க தலைமுறை தலைமுறையா சொந்தத்துக்குள்ளயே கட்டியிருக்கீங்க. அந்தப் புள்ளி நோயைக் காட்டலை, ஒங்க குடும்பத்தைல்லா காட்டுது! நோயில்லாத ஒங்க ஆட்களோட ஒப்பிடணும்."

மறுவாரம் நோயில்லாத சொந்தக்காரர் நாற்பது பேரைத் திரட்டினேன். நானும் நோயில்லாதவர் வரிசையில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அந்தப் பக்கம் போங்க," என்றாள் ஆவுடைத்தாய். "தேவாரப் புத்தகத்துக்குப் பின்னால மாத்திரையை ஒளிச்சு வச்சிருக்கது எனக்குத் தெரியாதாக்கும்?"

எழுந்து இடம் மாறினேன்.

அந்தக் கணக்குதான் அன்று கூடத்தில் திரையில் ஓடியது. சுகிர்தா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். புள்ளிகள் வரிசையாக வந்து விழுந்தன. கோட்டுக்கு மேலே ஒன்றுமே இல்லை!

"அந்தப் புள்ளி விழுந்துட்டு!" என்று கத்தினார் கலையரசி. "நோய் இருக்கவங்க, இல்லாதவங்க ரெண்டு தரப்புலயும் அது ஒரே அளவுலதான் இருக்கு!"

ஆறுமுகநயினார் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் நாலு பேருக்குச் சர்க்கரை உண்டும். வாய் தொறக்காம இருந்துட்டேன். தேதியைக் குறிப்பமா?"

"மொதல்ல உங்க வீட்டுலயும் ரத்தம் குடுங்க மாமா," என்றாள் சுகிர்தா. கூடமே சிரித்தது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தோம்.

இப்போது, எங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோயே கிடையாது என ஆய்வில் முடிவாகிவிட்டதாக ஏரலில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். பதினொரு பேருக்கு இருக்கிறது. பதினொன்றாவது ஆள் நான்.