கழுத்து வரைக்கும் கம்பளி

"இன்னும் கொஞ்சம் மேல இழு, பாக்கியம். கழுத்து தெரியுது" என்றாள் அம்மா கோவிந்தம்மா.

சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் மேல் பாக்கியம் கம்பளியை இழுத்துவிட்டாள். சாம்பல் நிறக் கம்பளி, ஓரத்தில் சிவப்புக் கோடு. தீவின் நடுவிலுள்ள பீனிக்ஸில் இருந்தவரை, அந்த மேட்டுநிலத்து மழைக்கும் மூட்டத்துக்கும், வருஷத்தில் பாதி நாள் அது இல்லாமல் யாரும் படுத்ததில்லை. மூன்று மாதம் முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்து கடலோரத்து ரோஷ் புவாவுக்கு இறங்கி வந்தபோது, "அங்க எதுக்கு இது, யாருக்காவது குடுத்துடு" என்று சிரித்தவர் அப்பாதான். அம்மா கேட்கவில்லை.

தகரக் கூரை தகித்தது. கடலில் எங்கோ புயல் சுற்றுகிறது என்று காலையில் வானொலி சொல்லியிருந்தது. ஓர் இலை அசையவில்லை. அப்படியும் ஜன்னல் சாத்தியே இருந்தது. இடுக்குகளில் அம்மா செருகிய துணிக்கந்தல்கள் நேற்றிரவிலிருந்து அப்படியே இருந்தன.

பீனிக்ஸிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த ஐயாசாமி சித்தப்பா, கோட்டைக் கழற்றத் தோன்றாமல் வேர்த்து வடிந்துகொண்டிருந்தார்.

"அந்த குளிர் மெஷின்தான் அண்ணனை அடிச்சிருச்சின்னு சொல்றாங்களே, அண்ணி?"

"வேற என்ன? வேர்த்த ஒடம்போட போயி அது முன்னால நின்னாராம். லாஃப்ரெஷேர் உள்ள எறங்கிடுச்சி."

பக்கத்து வீட்டு இவெட் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். லாஃப்ரெஷேர், சூடான உடம்பில் குளிர்காற்று பட்டால் வரும் கேடு. அதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை, இந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. நேற்று ராத்திரி வரை பாக்கியத்துக்கும் இல்லை.

பாக்கியம் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் பெருக்கித் துடைத்துத் தேநீர் கொடுப்பவள். மேலாளர் அறையில் குளிர் மெஷின் வைத்த நாளிலிருந்து வேலைக்கு ஸ்வெட்டர் கொண்டுபோகிறாள். நேற்று இரண்டாவது மெஷின் வந்தது. அந்தப் பெட்டியை அப்பாவும் அவரோடு மூட்டை தூக்கும் தெனியும்தான் படியேற்றிக் கொண்டுவந்தார்கள். இறக்கி வைத்துவிட்டு தெனி போய்விட்டான். அப்பா போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த பழைய மெஷின் முன்னால் போய் நின்று, சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"பாக்கியம், நம்ம பீனிக்ஸ் மாதிரியே இருக்குடி."

"அப்பா, வேர்த்த ஒடம்பு. லாஃப்ரெஷேர் அடிச்சிடும். வெளிய போங்க."

"ரெண்டே நிமிஷம்மா. தலை என்னமோ மாதிரி இருக்கு."

"போங்கப்பா. மேனேஜர் மிஸ்யே வர்ற நேரம்."

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "பெரிய ஆபீஸ்காரி ஆயிட்டா எம் பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கீழே வெயிலில் சர்க்கரை மூட்டைகள் கிடந்தன.

நாலு மணிக்கு அப்பாவைத் தெனி தோளில் தாங்கி வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான். வாய் குழறியது. அம்மாவை யாரோ என்று பார்த்தார். உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது, ஆனால் வாய் மட்டும் "குளுருது, குளுருது" என்றது. அம்மா ஜன்னலைச் சாத்தி இஞ்சித் தண்ணீர் கொதிக்க வைத்தாள். மலேரியா காலத்தில் அப்படித்தான் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறாள்.

"வேர்க்கட்டும். வேர்த்துட்டா எறங்கிடும்."

பெட்டகத்திலிருந்து கம்பளியை எடுத்து வந்தவள், வேலை முடிந்து வந்திருந்த பாக்கியம். ஒரு சொட்டுகூட வேர்க்கவில்லை. அவர் இரண்டு தடவை கம்பளியை உதறித் தள்ளினார். மூன்றாம் தடவை தள்ள முடியாதபடி பாக்கியம் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கேற்றும் நேரத்துக்கு அந்தக் கை தள்ளுவதை விட்டுவிட்டது. குணமாகிறது என்று நினைத்தாள்.

ராத்திரி வந்த டாக்டர் முதலில் ஜன்னலைத் திறந்தார். பிறகு அப்பாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பாக்கியத்தை முற்றத்துக்கு அழைத்துப்போய், தாழ்ந்த குரலில், தீவு மொழியான கிரியோலில் சொன்னார். குளிர் இல்லை, வெயில். குளிரில் வளர்ந்த உடம்பு, இந்தச் சூட்டுக்கு இன்னும் பழகியிருக்காது. துணியைக் களைந்து தண்ணீர் ஊற்றி விசிறியிருக்க வேண்டும். அந்த மெஷின் முன்னாலேயே உட்கார வைத்திருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம்.

"அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்லிக்கிறேன், டாக்டர்."

இன்னும் சொல்லவில்லை. டாக்டர் போனதும் அம்மா மறுபடி ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் கந்தல்களைச் செருகினாள்.

"டாக்டர் ஒன்கிட்டதான பேசினாரு?" சித்தப்பா கேட்டார். "என்ன சொன்னாரு?"

கோவிந்தம்மா தலையைத் தூக்கவில்லை. சின்னப் பிள்ளை நெற்றிக்கு வைப்பதுபோல் கணவன் நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டிருந்த விரல் மட்டும் நின்றது.

"லாஃப்ரெஷேர்தான் சித்தப்பா" என்றாள் பாக்கியம்.

விரல் மறுபடி நகர்ந்தது.

"நான் ஒரு குறையும் வெக்கல, தம்பி. சாத்தினேன், போத்தினேன், இஞ்சித் தண்ணி குடுத்தேன்."

"ஒரு குறையும் வெக்கலம்மா."

நாலு மணிக்குத் தூக்க வேண்டும். சித்தப்பா மூடியையும் ஆணிகளையும் பார்க்க வெளியே போனார். அம்மா கற்பூரம் எடுக்க உள்ளே போனாள். இவெட் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாக்கியம் கம்பளியை மார்பு வரை இறக்கினாள். பிறகு இடுப்பு வரை. சட்டையின் மேல் பொத்தான் இரண்டையும் அவிழ்த்தாள். காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து விசிறத் தொடங்கினாள். நெற்றி முடி மெல்ல எழுந்து அடங்கியது.

"ஈ மொய்க்குதா?"

அம்மா பின்னால் நின்றிருந்தாள், கையில் கற்பூரத் தட்டு.

"ஆமாம்மா."

கோவிந்தம்மா பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். ஓர் ஈகூட இல்லை. அவிழ்ந்திருந்த பொத்தான்களைப் பார்த்தாள், மகளின் கையைப் பார்த்தாள். பாக்கியம் விசிறுவதை நிறுத்தவில்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டு கோவிந்தம்மா ஜன்னலுக்குப் போனாள். இடுக்குகளிலிருந்து கந்தல்களை ஒவ்வொன்றாக உருவி, பிறகு ஜன்னலைத் திறந்தாள்.

வெளியே காற்று இல்லை.